காளான் தின்று கர்த்தரைக் கண்டதாகச் சொல்லும் பிள்ளையோடு பேசுவது எப்படி?

என் தங்கை மகன் கோயம்புத்தூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, சபையின் நன்றித் திருநாளான ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தான். அசனம் என்னும் சபை விருந்துக்குக் காய்கறி நறுக்கி முடித்த பின்னிரவில் என்னைத் தனியே அழைத்து, "மாமா, ஒண்ணு சொன்னா ஏசமாட்டியளே?" என்று கேட்டான். நண்பர்களோடு கொடைக்கானலுக்குப் போய், மேல்மலைக் கிராமம் ஒன்றில் விலைக்கு வாங்கிய மேஜிக் காளான் என்னும் போதைக்காளானைத் தின்றதையும், புல்வெளியில் படுத்துக்கிடந்த அந்தச் சில மணி நேரத்தில் கிறிஸ்துவின் அன்புக்குள் தான் கரைந்துபோனதையும், இருபது வருஷம் வேதக்கோயிலில் உட்கார்ந்தும் கிடைக்காத ஒன்று அன்று கிடைத்ததையும் அழுதுகொண்டே சொன்னான்.

நான் ஏசவில்லை. ஆனால் மறுநாளே அவன் தாயிடம் சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் ஓர் ஊழியரிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், மலைக்குப் போய்ப் போதையில் தேவனைத் தேடுகிற வாலிபரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் ஒரு கண்டனம் வந்தது. கோயிலில் இருந்த எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்தது. அதன்பிறகு இரண்டு வருஷம் அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்கு நானும் ஒரு காரணம் என்பதால்தான், இப்படிப்பட்ட பேச்சு தங்கள் வீட்டுத் திண்ணையிலும் எழக்கூடும் என்று அறிந்த பெற்றோர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், உபதேசியார், சேகர குருமார் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தேவனைத் தேடுவதற்கு ஒரு கிறிஸ்தவன் இந்தப் பொருள்களைப் பயன்படுத்தலாகாது என்பதே என் நிலைப்பாடு. அதை மறைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. ஆனால் அதை முதல் வாக்கியமாக வைத்துத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்தைக் கேட்கப் பிள்ளை அங்கே இருக்க மாட்டான்.

முதலில் உடம்பு

பேச்சு தொடங்குமுன் மயக்கம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். காளானில் உள்ள சைலோசைபின் என்னும் போதைப்பொருளின் வேகம் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம் நிற்கும், எல்.எஸ்.டி. என்ற செயற்கைப் போதைப்பொருள் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை போகும். அதற்குள் உபதேசமும் விசாரணையும் வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து, சத்தத்தைக் குறைத்து, அவன் நம்பும் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் இங்கதான் இருக்கேன், இது இறங்கிரும்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். நான்கு பேர் சூழ்ந்து நின்று தலையில் கைவைத்து உரத்த குரலில் பிசாசைக் கடிந்து ஜெபிப்பது, ஏற்கெனவே சுவரும் கூரையும் அசைவதாகக் காண்கிறவனுக்குப் பெரிய திகிலாக முடியும். ஜெபிக்க வேண்டும் என்றால் அடுத்த அறையில் முழங்காலில் நின்று ஜெபியுங்கள்.

தின்றது என்ன என்று கேட்டு அறியுங்கள். காட்டில் பறித்த காளானில் ஈரலைக் கெடுக்கும் நச்சுக் காளான் கலந்திருக்கலாம், அதன் கேடு பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். ஆகவே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையும் மாயத் தோற்றங்களைக் காட்டும். ஆனால் அது வேறு இனம். வாய் உலர்ந்து, கண்ணின் பாவை விரிந்து, காய்ச்சல் ஏறி, இதயத் துடிப்பு கட்டுமீறி, உயிரே போகலாம். சந்தேகம் இருந்தால் 108ஐ அழைத்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோய், மருத்துவரிடம் உண்மையை அப்படியே சொல்லிவிடுங்கள். மனநோய்க்காக லித்தியம் மாத்திரை எடுக்கிறவனுக்கு இந்தக் காளானால் வலிப்பு வரும் அபாயம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த சில நாள்களில் கவனிக்க வேண்டியது இதைவிட நுட்பமானது. மூன்று இரவு உறங்காமல் வேதம் வாசிக்கிறான், தேவன் தன்னைத் தீர்க்கதரிசியாக அழைத்ததாகச் சொல்கிறான், பேச்சு வேகமாகிறது, உணவு குறைகிறது என்றால், வேறு வீட்டில் இது நோய் என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் இதை அனல் என்றும் எழுப்புதல் என்றும் கொண்டாடிவிடுவோம். குடும்பத்தில் உளச்சிதைவோ இருதுருவ மனநோயோ இருந்திருந்தால் இந்த ஐயம் இரட்டிப்பாக வேண்டும். மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு ஆகாது. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் உறக்கமும்தான். மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்தே வந்தது.

கேட்கும் முறை

உடம்பு தெளிந்தபின் முழுவதையும் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கிடாதீர்கள். "அது பிசாசு" என்றும் சொல்ல வேண்டாம், "அது பரிசுத்த ஆவியானவர்" என்றும் சொல்ல வேண்டாம். இரண்டையும் முதல் நாளே சொல்லக்கூடிய அறிவு நமக்குக் கிடையாது. என்ன கண்டாய், அப்போது பயம் வந்ததா, யாருடைய முகம் நினைவுக்கு வந்தது, எதைச் செய்ய வேண்டும் என்று தோன்றிற்று, என்று மட்டும் கேட்டு, ஒரு நோட்டில் அவன் கையாலேயே தேதியிட்டு எழுத வையுங்கள். நினைவு நாளடைவில் அழகேறிக்கொண்டே போகும் என்பதால் இந்த நோட்டு பின்னால் மிகவும் தேவைப்படும். என் மருமகன் எழுதியதில் தரிசனத்தைவிட என் கவனத்தைப் பிடித்தது ஒரு சிறு வரி: கல்லூரிக் கட்டணம் என்று தாயிடம் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியை வேறு செலவு செய்ததை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் புல்வெளியில் அவனுக்குத் தோன்றியிருந்தது.

பிள்ளை சொன்னதை அவன் அனுமதியில்லாமல் வேறொருவரிடம் கொண்டுபோகாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இதற்கு விலக்கு. நான் செய்த பிழை இதுதான்.

அவன் படித்திருப்பதை நீங்களும் படியுங்கள்

இந்தப் பிள்ளைகள் வெறும் கையோடு வருவதில்லை. கைப்பேசியில் நிறையப் படித்துவிட்டே வருகிறார்கள். நாம் ஒன்றும் அறியாமல் கண்டித்தால், அறியாமையைக் கண்டு நம் விசுவாசத்தையும் சேர்த்தே தள்ளிவிடுவார்கள். ஆகையால் இந்தப் பகுதியில் சற்றுத் தங்குகிறேன்.

1962 ஏப்ரல் 20, பெரிய வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்து மார்ஷ் சிற்றாலயத்தின் கீழ்த்தளத்தில் 20 இறையியல் மாணவர்கள் கூடினார்கள். ஹார்வர்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த வால்டர் பான்கே என்ற மருத்துவர், அவர்களில் பாதிப் பேருக்குச் சைலோசைபினும், மறுபாதிக்கு உடம்பில் சூடேற்றும் நிக்கோட்டினிக் அமிலமும் யாருக்கு எது என்று தெரியாதபடி கொடுத்தார். மேல்தளத்தில் நடந்த ஆராதனையும் ஹோவர்ட் தர்மனின் பிரசங்கமும் ஒலிபெருக்கி வழியே அவர்களுக்குக் கேட்டன. (இந்தத் தர்மன் இந்தியாவுக்கு வந்து 1936இல் காந்தியடிகளைச் சந்தித்த கறுப்பினப் போதகர்.) சைலோசைபின் பெற்றவர்களில் பெரும்பாலோர், ஞானிகள் எழுதிவைத்த ஐக்கிய அனுபவத்தைப் போன்ற ஒன்றைத் தாங்கள் அடைந்ததாகச் சாட்சி சொன்னார்கள். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து ரிக் டோப்ளின் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப்பிடித்துப் பேட்டி கண்டு 1991இல் வெளியிட்டபோதும், அது மெய்யான ஆவிக்குரிய அனுபவமே என்று அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். இதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே டோப்ளின் வேறொன்றையும் கண்டுபிடித்தார். மாணவர்களில் ஒருவர் ஆலயத்தை விட்டுத் தெருவுக்கு ஓடி, மேசியாவின் செய்தியை உலகுக்கு அறிவிக்கத் தான் தெரிந்தெடுக்கப்பட்டதாக நம்பி அலைந்ததால், அவரைப் பிடித்துவந்து மயக்க ஊசி போட வேண்டியிருந்தது. அந்தச் செய்தி முதல் அறிக்கையில் இடம்பெறவில்லை. அன்று பங்கேற்றவர்களில் ஒருவர், சீனாவில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் சமயங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹஸ்டன் ஸ்மித். அந்த அனுபவத்தை அவர் கடைசிவரை மதித்தார். எனினும் இந்தப் பொருள்களால் சமய அனுபவம் உண்டாகலாம், சமய வாழ்வு உண்டாகுமா என்பது தெளிவில்லை என்று 1960களிலேயே எழுதினார். பிள்ளையோடு பேசும்போது நான் கைக்கொள்வது இந்த வேறுபாட்டைத்தான்.

2006இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் கலந்துகொண்டார்கள். பெரும்பான்மையோர் அதைத் தம் வாழ்வின் மிக முக்கியமான அனுபவங்களில் ஒன்று என்றார்கள், 11 பேர் இடையில் கடும் பயத்துக்குள்ளானார்கள். ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த ஆள்களுக்கு, அளந்த மருந்தோடும் பயிற்சி பெற்ற துணைவர்களோடும் நடந்தபோதே இப்படி என்றால், மேல்மலையில் அளவும் இனமும் தெரியாமல் தின்னும் காளானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. குருமார்களுக்கே சைலோசைபின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் 2025இல் வெளிவந்தது; பலர் ஊழியத்தில் புத்துணர்வு பெற்றதாகச் சொன்னாலும், தாமே விரும்பி முன்வந்த சிறு கூட்டத்தின் சாட்சி அது என்பதை மனதில் வைக்க வேண்டும்.

"கிறிஸ்தவத்திலேயே இது உண்டு" என்றும் பிள்ளை சொல்லுவான். அது உண்மை. 1918இல் ஓக்லஹோமாவில் பதிவான அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபை பெயோட்டே என்னும் கள்ளியை அருளடையாளமாக உண்கிறது. பிரேசிலில் 1930இல் ரைமுந்தோ இரினேயு செர்ரா தொடங்கிய சாந்தோ தைமி என்னும் சமயக் கூட்டம், அயவாஸ்கா என்னும் மூலிகைக் கஷாயத்தைக் குடித்துக் கிறிஸ்துவையும் மரியாளையும் பாடுகிறது. மெக்சிகோவின் மலைக்கிராமமான வௌத்லாவில் மரியா சபீனா என்ற கத்தோலிக்கப் பெண், காளானைத் திருப்பிள்ளைகள் என்று அழைத்து, நோயாளிக்காகப் புனிதர்களை வேண்டி இரவெல்லாம் பாடுவார். கார்டன் வாஸன் என்ற அமெரிக்கர் 1955இல் அந்த இரவில் பங்குபெற்று 1957இல் பத்திரிகையில் எழுத, காளானில் கடவுளைத் தேடி வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த அம்மையாரின் வீடு எரிக்கப்பட்டது. அந்நியர் வந்தபின் காளான்கள் தம் வல்லமையை இழந்தன என்று முதுமையில் அவர் வருந்திச் சொன்னார். அவரிடம் வந்தவர்கள் நோய் தீர வந்தார்கள். கடவுளைப் பார்ப்பதற்காகத் தின்பது அவர் அறியாத வழக்கம். கொடைக்கானலுக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்தக் கதையில் யாருடைய இடத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்; என் மருமகன் நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

வேதத்தைத் திறக்கும்போது

கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் நம் வேதாகமம் பில்லிசூனியம் என்று சொல்லும் இடத்தில் கிரேக்கச் சொல் பார்மகேயா, மருந்துக்கடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர், ஆகவே வேதம் இதை நேரடியாகத் தடைசெய்கிறது என்று சிலர் வாதிடுவார்கள். நான் முழு வாதத்தையும் அந்த ஒரு சொல்லில் தொங்கவிட மாட்டேன். அச்சொல் மருந்து, நஞ்சு, வசிய மருந்து, மந்திர வேலை எல்லாவற்றையும் தொட்டு நிற்பது. சொல்லின் வேரை வைத்து வழக்கை முடித்தால், கூர்மையான பிள்ளை அதே வேரைக் காட்டிக் காய்ச்சல் மாத்திரையையும் கேட்பான்.

அதைவிட உறுதியான இடங்கள் உண்டு. ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்களைக் குடிவெறியர் என்று ஜனங்கள் பரியாசம்பண்ணினபோது பேதுரு முதலில் சொன்ன பதில், இவர்கள் வெறிகொண்டவர்கள் அல்ல என்பது. ஆவியின் நிறைவு வெளிக்கு வெறியைப் போலத் தோன்றலாம் என்பதையும், இரண்டும் ஒன்றல்ல என்பதையும் திருச்சபை தன் முதல் பிரசங்கத்திலேயே பிரித்துக் காட்டிவிட்டது. சிலுவையில் அறையுமுன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தபோது ஆண்டவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து பாவம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கும் நேரத்தில் அவர் தெளிந்த மனதோடு இருந்தார் என்பதே இங்கு நான் காண்பது. பேதுருவுக்கும் பவுலுக்கும் தரிசனம் வந்தது உண்மை; ஆனால் மொட்டைமாடியில் பசியோடு ஜெபித்தவனுக்கு அது கேளாமல் வந்தது, மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டவனோ அதைப் பதினாலு வருஷம் கழித்துக் கூச்சத்தோடு சொல்லி, உடனே தன் மாம்சத்திலுள்ள முள்ளைப் பற்றிப் பேசத் தொடங்கினான். இத்தனை மணிக்குத் தின்றால் இத்தனை மணிக்குத் தேவன் வருவார் என்ற ஏற்பாட்டில் கிருபைக்கு இடம் எங்கே என்று நான் கேட்கிறேன். மூளையில் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளின் ஏற்பிகளை அந்தப் பொருள் தூண்டுவதால்தான் இந்தக் காட்சி என்று சொல்லிக் கதையை முடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை; நம் கண்ணீருக்கும் பாட்டுக்கும்கூட மூளையில் வேதியியல் உண்டு.

ஆவிகளைச் சோதித்தறியுங்கள் என்று யோவான் சொன்னதைத் திருநெல்வேலிச் சீமையார் ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லர். கொடைவிழாவில் சாமியாடுகிறவரையும் அருள்வாக்கையும் நம் முன்னோர் நேரில் கண்டே வளர்ந்தார்கள். மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் கற்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நிறுவிய கிறிஸ்தியான்பேட்டையில் 1860இல் எழுப்புதல் என்னும் பக்தி எழுச்சி தோன்றி, நடுக்கமும் தரிசனமும் அந்நிய பாஷையும் ஊர் ஊராகப் பரவின. ஒரு துளி போதையும் இல்லாமல் வந்த அனுபவங்கள் அவை. அவற்றையும் சபை சோதித்தது. அந்த அலை திருவிதாங்கூருக்குப் போனபோது, கிறிஸ்து 1881இல் வருவார் என்று நாள் குறித்த கூட்டம் ஒன்றும் எழும்பிற்று, நாள் கடந்தது. அருளப்பன் வழியே மனந்திரும்பிக் கடனைத் திருப்பிக் கொடுத்தவனும், நாள் குறித்தவனும், அந்த நேரத்தில் ஒரே அளவு அனல்தான் காட்டியிருப்பார்கள். காலமும் கனியும் அவர்களைப் பிரித்தன.

ஆகையால் சோதனையை நோட்டிலுள்ள காட்சியில் நடத்தாமல் வாழ்க்கையில் நடத்துங்கள். கலாத்தியரில் சொன்ன ஆவியின் கனிகளில் நீடிய பொறுமையும் இச்சையடக்கமும் உண்டு. புல்வெளியில் ஐந்து மணி நேரத்தில் அவை தெரியவரா. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று நோட்டைத் திறந்து, தாயிடம் பேச்சு எப்படி இருக்கிறது, பொய் குறைந்ததா, தாழ்ந்தவனாகக் கருதியவனோடு உட்கார்ந்து உண்கிறானா, தன்னைவிடக் குறைந்த அனுபவம் உள்ளவர்களை இளக்காரமாகப் பார்க்கிறானா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில் பலர் தவறுவார்கள். ஆனால் அது எழுப்புதல் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கும் பொருந்தும்.

சட்டமும் சபையும்

சட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின்படி சைலோசைபின், எல்.எஸ்.டி., பெயோட்டேயில் உள்ள மெஸ்கலின், அயவாஸ்காவில் உள்ள டி.எம்.டி. ஆகியவை இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை. அமெரிக்கப் பூர்வகுடியினருக்கு அங்கே உள்ளதைப் போன்ற சமய விலக்கு இங்கே இல்லை. எல்.எஸ்.டி. 0.1 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு, தண்டனை பத்து வருஷத்திலிருந்து தொடங்கும். நண்பனுக்காகப் பையில் வைத்துக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. பழக்கமாகிவிட்டவர்கள் 14446 என்ற உதவி எண்ணில் சிகிச்சைக்கு வழி கேட்கலாம்.

சேகர குருவிடம் போவதென்றால், பிள்ளையே சம்மதித்து, அவனே பேசும்படி போக வேண்டும். போகுமுன் குருவானவரிடம் ஒரு வாக்குறுதி கேட்டு வாங்குங்கள்: இது பிரசங்கத்தில் வராது. திருவிருந்தில் பங்குகொள்ளலாமா என்று பிள்ளை கேட்டால், பாவ அறிக்கை செய்தவனை அப்பத்திலிருந்து தள்ளி நிறுத்துவதற்குமுன் நூறு முறை யோசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பந்தியில் அவன் தானாக எடுத்துத் தின்பதில்லை. முழங்காலில் நின்று, இன்னொருவர் கையிலிருந்து, பக்கத்தில் நிற்கும் பகையாளியோடு சேர்ந்து பெற்றுக்கொள்கிறான். காளான் தராத அந்தப் பாடத்தை அவன் அங்கேதான் கற்க முடியும்.

நம் பக்கத்திலும் ஒரு குறை உண்டு. அவன் தேடியது மௌனத்தையும் வியப்பையும் என்றால், ஒலிபெருக்கியும் அறிவிப்பும் காணிக்கைக் கணக்குமாக நாம் நிரப்பிவைத்திருக்கும் ஆராதனையில் அதற்கு இடம் விட்டோமா? லெந்து என்னும் தவக்காலத்தில் ஒரு நாள் உபவாசமாக, பேச்சில்லாமல், மணப்பாட்டுக் கடற்கரைக் குகைக்கோ தேரிக்காட்டுப் பனைகளுக்கிடையிலோ ஒரு சங்கீதத்தோடு அவனை அழைத்துப்போய் உட்காருங்கள். ஒன்றும் நிகழாமலிருக்கலாம். நிகழாத நாளிலும் உட்கார்ந்திருக்கப் பழகுவதுதான் ஜெபம் என்று நீங்கள் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கூடவே உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக, "மறுபடி ஒரு தடவை போகலாமா மாமா?" என்ற கேள்வி வரும். அப்போது சுற்றி வளைக்காமல், "போகாத" என்று சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள், முதல் தடவை எழுதியதில் எதைச் செய்துமுடித்தாய் என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். என் மருமகன் இந்தக் கேள்வியைக் கேட்டபோது, தாயிடம் பணத்தைப் பற்றி இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல அவனுக்கு இரண்டு வருஷமும் சில மாதமும் ஆயிற்று. அடுக்களையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னான், அவள் நன்றாக ஏசினாள், பிறகு சோறு போட்டாள். அடுத்த அசனத்துக்கு அவன் காய்கறி நறுக்க வந்தான். நோட்டு இப்போதும் என் மேசையில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வாசித்து, சில வரிகளை அவனே கோடு போட்டு அடித்திருக்கிறான்.